பெயர் ஒட்டிய பாத்திரங்கள்

லாரல் ஓடை, மேற்கு வர்ஜீனியா
ஆகஸ்ட் 19, 2024

இந்தக் கடிதத்தில் வருபவை:
1. மாத்திரைப் பணம் நம் மாவட்டத்துக்கு வந்ததும், அதைக் கொண்டு நாங்கள் செய்ததும்.
2. போதை மீட்பு மையத்துக்கு நாங்கள் வகுத்த ஒழுங்கு நல்ல ஒழுங்கு என்பது.
3. இருந்தும் ஆட்கள் வராமல் போவது.
4. உன் தம்பி.
5. உன்னிடம் ஒரு கேள்வி.

அன்புள்ள ட்ரீமா,

எண் போட்டு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். காலமெல்லாம் வேதியியல் கற்பித்தவனுக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. தொலைபேசியில் பேசினாலோ, வானிலையைச் சொல்லி முடித்ததும் நம் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது.

முதலாவது. வலி மாத்திரைகளைக் கணக்கில்லாமல் மலைக்குள் இறக்கிய கம்பெனிகள் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டு கொடுத்த பணத்தில் நம் மாவட்டத்தின் பங்கு வந்தது. அதை எப்படிச் செலவிடுவது என்று சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். ஆணையர் ஹோபர்ட் வார்னி தலைவர். அவன் என் பழைய மாணவன். என்னைச் செயலாளராகப் போட்டான். எனக்குத் தகுதி இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பழைய தபால் நிலையத்தை எடுத்து மையம் திறந்தோம். ஆலோசகர் ஒருத்தி வருகிறாள். பக்கத்து மாவட்டத்தின் போதைச் சிகிச்சை மருந்தகத்துக்கு ஆட்களை அழைத்துப்போக ஒரு வேன் வாங்கினோம். நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போதையைப் பற்றி வகுப்பு நடக்கிறது. செவ்வாய்தோறும் மாலையில் கூட்டம், கூட்டத்துக்குப் பின் சாப்பாடு.

இரண்டாவது. சாப்பாட்டைத் தேவாலயப் பெண்கள் கொண்டுவருகிறார்கள். பாப்டிஸ்ட் சபையும் மெதடிஸ்ட் சபையும் ஒரே மேசையில் பாத்திரம் வைப்பதை நான் இதற்குமுன் சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் வகுத்த ஒழுங்கு இது: ஒரு பாத்திரத்தைக் காலி செய்கிறவர் அதைக் கழுவி, அடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து, அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். வாசலில் வைத்துவிட்டு ஓடக்கூடாது. நம் ஊரில் துக்க வீட்டார் செய்வதுதானே. இதைச் சொன்னவள் ஒலீட்டா க்ரம். "வாங்கிச் சாப்பிடத் தெரிஞ்சவனுக்குத் திருப்பிக் குடுக்கவும் தெரியணும் டென்சில்" என்றாள். எனக்குப் பிடித்திருந்தது. நான்தான் அதை அழகாக எழுதிச் சுவரில் மாட்டினேன்.

மூன்றாவது. முதலில் நாற்காலி போதவில்லை. பிறகு போதுமாயிற்று. பிறகு மிஞ்சியது. போன செவ்வாய் ஆலோசகரும் நானும் ஒரு பெரிய பாத்திரம் பீன்ஸும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஹோபர்ட் எட்டிப் பார்த்து, "சார், பசி இல்லாதவனுக்கு எதுக்குப் பந்தி? அக்டோபர் கூட்டத்துலயும் இப்படியே இருந்தா மிச்சப் பணத்தை ஷெரீஃபுக்குப் புது வண்டி வாங்கக் குடுத்துடுவோம். அவராவது ஓட்டுவாரு" என்றான்.

நான்காவது. லோவல் முதல் இரண்டு வாரம் வந்தான். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒலீட்டாவின் கோழி டம்ப்ளிங் சாப்பிட்டான். பிறகு வரவில்லை. ஓடைக்கு மேலே டிரெய்லர் வீட்டில்தான் இருக்கிறான். ஜூலையில் அவன் மூச்சு நின்று, ஆம்புலன்ஸ்காரர்கள் மூக்கில் மருந்தடித்து எழுப்பினார்கள். எழுந்து அவர்களைத் திட்டினானாம். அடுத்த முறை வண்டி வருமுன் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மையம் மூடினால், அவனுக்கு எட்டும் தூரத்தில் வேறு கதவு இல்லை.

ஐந்தாவது. நீ ஆறு வருடமாக அதைத் தொடாமல் இருப்பவள். இப்படிப்பட்ட இல்லத்திலேயே வேலையும் செய்கிறாய். நாங்கள் எதை விட்டுவிட்டோம்? சாப்பாட்டைக் கூட்டலாமா?

அப்பா

கொலம்பஸ், ஒஹையோ
ஆகஸ்ட் 26

அப்பா,

மன்னிப்புக் கேட்காமல் ஒரு கடிதம் எழுதிப் பாருங்களேன். கை சுளுக்கிக்கொள்ளாது.

உங்கள் இரண்டாவதைப் படித்துவிட்டு வேலை இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். "என்னடி?" என்றார்கள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்களுக்கு மாத்திரை எங்கிருந்து கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? கம்பெனி எங்கள் வீட்டுக்குத் தபாலில் அனுப்பவில்லை. அந்தப் பெண்களின் குளியலறை அலமாரிகளிலிருந்து எடுத்தோம். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த அத்தைகள், முதுகு போன மாமாக்கள். நலம் விசாரிக்கப் போவோம், கேக் சாப்பிடுவோம், குளியலறையைக் கேட்போம். லாரல் ஓடையில் நான் அப்படி நுழையாத வீடு குறைவு. லோவல் நுழையாதது அதைவிடக் குறைவு.

ஒலீட்டா அத்தை வீட்டில் அவன்தான் புல் வெட்டிக்கொண்டிருந்தான். கார்நெட் மாமா சுரங்கத் தூசி அடைத்த நுரையீரலோடு கட்டிலில் கிடந்தார். கடைசி வாரம் அவர் மாத்திரைப் புட்டி காலியாக இருந்தது. அந்த வாரம் அவர் எப்படிக் கத்தினார் என்பது ஊருக்கே தெரியும். யார் எடுத்தது என்பதும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இப்போது நீங்கள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அத்தையின் கோழியைப் போட்டு, "க்ரம்" என்று ஒட்டிய பாத்திரத்தைக் கையில் கொடுத்து, போய்க் கதவைத் தட்டு என்கிறீர்கள். அழகான எழுத்தில் சுவரிலும் மாட்டியிருக்கிறீர்கள்.

காகிதத் தட்டு வாங்குங்கள். பெயரை எடுங்கள். யாரும் யார் வாசலுக்கும் போக வேண்டாம். அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள்.

பாத்திரம் என்றதும் ஒன்று. அம்மா போனபோது நம் சமையலறை மேசையில் பாத்திரம் வைக்க இடமில்லை. நான் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. "கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்" என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். பயிற்சி முடித்தவளுக்கு எவள் டம்ப்ளிங் கொண்டுவருவாள்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். காகிதத் தட்டுதான் அவசரம்.

ட்ரீமா

லாரல் ஓடை
செப்டம்பர் 16

அன்புள்ள ட்ரீமா,

1. நீ சொன்னபடி செய்தேன்.
2. அதற்கு நான் பட்டது.
3. பலன்.
4. இன்னும் விளங்காதது.

சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். பிறகு தேவாலயச் சமையலறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நீ சொன்ன காரணத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சுகாதாரம் என்றேன்.

"சுகாதாரமா?" என்றாள் ஒலீட்டா. "என் பாத்திரத்துல சுகாதாரக் குறைச்சலா? உன் கல்யாணத்துக்கே இதுலதான் சமைச்சேன், நீ என்ன செத்தா போயிட்ட?"

"அப்படி இல்ல ஒலீட்டா. பேர் வேண்டாம்னுதான்..."

"பேர் போடாத பாத்திரத்துல நான் நாய்க்குக்கூடச் சோறு வைக்க மாட்டேன். யார் போட்டதுன்னு அதுக்காவது தெரிய வேண்டாமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றேன். கடைசியில் மெதடிஸ்ட் பெண்கள் சரி என்றார்கள், அதனால் பாப்டிஸ்ட் பெண்களும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஒலீட்டா மட்டும் அதற்குப் பிறகு சமைத்து அனுப்பவில்லை.

பலன் இருக்கிறது. அடுத்த செவ்வாயே நான்கைந்து பேர் வந்தார்கள். போன வாரம் அதற்கும் மேல். மர ஆலையில் வேலை பார்க்கும் ஒருவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். காகிதத் தட்டை மடித்துக் குப்பையில் போடும்போது அவன் தோள் இறுக்கம் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். நீ சொன்னது சரி. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசிக்கிறேன். நானும் பெயர் ஒட்டிய வீட்டுக்காரன்தான், அதனாலோ என்னவோ.

விளங்காதது: லோவல் வரவில்லை. பெயர்தான் தடை என்றால் அது இப்போது இல்லை. டிரெய்லர் பக்கம் போய், "காகிதத் தட்டுதான் இப்போ" என்று சொன்னேன். "சரிப்பா" என்றான். ஒலீட்டாவின் பாத்திரம் ஒன்று கோடையிலேயே காணாமல் போயிருக்கிறது, நீல மூடி போட்டது. யாரிடம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மேசையைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் வேண்டாம் என்றாய். எழுதத் தொடங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

அப்பா

கொலம்பஸ்
செப்டம்பர் 21

அப்பா,

வந்தவர்களை விட்டுவிட்டு வராதவனை எண்ணுவது உங்கள் பழக்கம். அப்பாவாக இருப்பதால் மன்னிக்கிறேன்.

அவனை விடுங்கள். துரத்தினால் ஓடுவான். டிரெய்லர் வாசலில் போய் நின்று தட்டைப் பற்றி அறிவிப்புச் செய்வதெல்லாம் வேண்டாம், அவன் என்ன ஹோட்டலுக்கா வரப்போகிறான்? உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். மூக்கில் அடிக்கும் மருந்து உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். உறையைப் பிரித்து ஒரு தடவை பயிற்சி செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் விளக்கக் காகிதத்தை வாசித்துக்கொண்டு நிற்பீர்கள், எனக்குத் தெரியும்.

நான் அங்கே வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நல்லது. போன தடவை பெட்ரோல் கடையில் நான் உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்தவள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் அந்தக் கைப்பை மட்டும் மாறியிருக்கிறது.

ட்ரீமா

லாரல் ஓடை
செப்டம்பர் 30

அன்புள்ள ட்ரீமா,

இன்று எண் இல்லை. வரிசைப்படுத்த முடியவில்லை.

போன செவ்வாய், மையத்துக்குப் போகிற வழியில், ஒலீட்டா வீட்டின் பின்புறம் லோவலின் டிரக் நிற்பதைப் பார்த்தேன். பாதை ஓரத்தில் இல்லை, கொட்டகைக்குப் பின்னால், தெரியாமல் இருக்கட்டும் என்று நிறுத்தியதுபோல். வியாழக்கிழமையும் நின்றது. வேறு யார் வண்டியும் அல்ல. பின்கதவு பச்சை, மற்றதெல்லாம் வெள்ளை.

ஒலீட்டாவுக்கு வசந்தத்தில் இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டில் மாத்திரை இருக்கும்.

வண்டியை நிறுத்தினேன். இறங்கவும் செய்தேன். வேலிவரை போனேன். தட்டி என்ன சொல்வது? "என் மகன் உன் வீட்டில் திருடுகிறானா?" என்றா? ஒரு முறை திருடியதையே நானும் அவளும் இத்தனை வருடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று கடையில் அவளைப் பார்த்தேன். "என்ன டென்சில், பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. உன் வீட்டுப் புல் நல்லா வெட்டியிருக்கே. யார் வெட்டுறாங்க?"

"வெட்டுறவங்க வெட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு மாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? வீட்டில் இருக்கும்போதே வருகிறானா, இல்லாதபோதா? எதையாவது சொன்னால் இருவரில் ஒருவரை இழப்பேன். சொல்லாவிட்டால் இருவரையும் இழப்பேனோ என்று தோன்றுகிறது. பாத்திரத்துக்கு உனக்கு விடை தெரிந்திருந்தது. இதற்கும் சொல்.

அப்பா

கொலம்பஸ்
அக்டோபர் 4

அப்பா,

இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அலமாரியைப் பூட்டச் சொல்லுங்கள். "உன் மாத்திரையைப் பூட்டி வை, லோவல் வருகிறான்" — அவ்வளவுதான் வாக்கியம். மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

நான் ஊகித்து எழுதவில்லை. அதே கொட்டகைக்குப் பின்னால் நானும் வண்டி நிறுத்தியிருக்கிறேன். அத்தையின் ஆப்பிள் ஜாமை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுக்கொண்டே, அவள் எப்போது கோழிக்குத் தீனி போட எழுந்து போவாள் என்று காத்திருந்திருக்கிறேன். புல் வெட்டுவது, விறகு அடுக்குவது, எல்லாம் வீட்டுக்குள் நுழைய வழி. இந்த ஒரு பாடத்தில் உங்களைவிட எனக்குப் படிப்பு அதிகம்.

நீங்கள் கூச்சப்பட்டு நிற்கிற ஒவ்வொரு நாளும் அவன் ஜூலைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறான். வேலிவரை போனீர்கள் அல்லவா, இன்னும் பத்தடி போங்கள்.

ட்ரீமா

லாரல் ஓடை
அக்டோபர் 30

அன்புள்ள ட்ரீமா,

1. நான் இன்னும் பத்தடி போனது.
2. அக்டோபர் கூட்டம்.
3. எழுத முடியாத ஒழுங்கு.
4. நீ வர வேண்டியதில்லை என்பது.

உன் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு செவ்வாய்க்கிழமை பிற்பகல் போனேன். கதவைத் தட்டினேன். திறந்தவன் லோவல். தோளில் பாத்திரம் துடைக்கிற துண்டு.

"அப்பா" என்றான்.

எனக்கு வாக்கியம் மறந்துவிட்டது.

உள்ளிருந்து ஒலீட்டா, "யாருடா அது?" என்றாள்.

"அப்பா வந்திருக்காரு."

"கையில ஏதாவது கொண்டு வந்தாரா?"

"இல்ல."

"எதிர்பார்த்ததுதான். உட்காரச் சொல்லு."

உட்கார்ந்தேன். சோளரொட்டி வைத்தாள். லோவல் விறகு எடுக்க வெளியே போனதும், நான் கேட்காமலேயே சொன்னாள். பாத்திரத்தை அவன் கோடை முழுக்க டிரக் இருக்கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறான். நான் காகிதத் தட்டைப் பற்றிச் சொன்ன அந்த வாரம்தான் வந்து தட்டியிருக்கிறான்.

"வந்து நின்னான். 'கார்நெட்டோட மாத்திரையை நான்தான் எடுத்தேன்'னான். 'தெரியும். பாத்திரத்தை உள்ள வை'ன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? கழுவித்தான் கொண்டு வந்திருந்தான். நல்லாக் கழுவல. திரும்பக் கழுவுன்னேன்."

"உன் மாத்திரை..." என்று தொடங்கினேன்.

"பூட்டி வெச்சிருக்கேன். சாவி என் கழுத்துல. பூட்டினதை அவன்கிட்டயே சொல்லிட்டேன். நான் கிழவிதான் டென்சில், முட்டாள் இல்ல."

செவ்வாயும் வியாழனும் அவள்தான் அவனைப் பக்கத்து மாவட்ட மருந்தகத்துக்குத் தன் காரில் அழைத்துப்போகிறாள், போதை ஏக்கத்தை அடக்க நாக்கடியில் வைக்கும் மருந்துக்காக. எங்கள் வேனில் ஏன் போகவில்லை என்று கேட்டேன். வேனின் பக்கவாட்டில் மையத்தின் பெயரை அத்தனை பெரிதாக எழுதியது யார் என்று திருப்பிக் கேட்டாள். நான்தான். அவள் லோவலை மன்னித்துவிட்டாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் முகத்தில் அதற்கான விடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவன் விறகோடு உள்ளே வந்தபோது, "சேறு! காலைத் துடை!" என்று கத்தினாள்.

ட்ரீமா, நீ சொன்ன காரணம் சரி. நீ சொன்ன ஆபத்தும் உண்மை. ஆனாலும் நான் உன் வாக்கியத்தை வாசலில் நின்று சொல்லியிருந்தால், அதைக் கேட்டிருப்பவன் அவன்தான். மறதியால் தப்பித்தேன். இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

இரண்டாவது. கூட்டத்தில் ஆட்கள் எண்ணிக்கையை வாசித்தேன். பெயரை எடுத்த பிறகுதான் வருகை கூடியது என்றும் வாசித்தேன். ஒலீட்டா பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"உன் காகிதத் தட்டுக்கு ஆள் வந்தாங்க, இல்லேங்கல. ஆனா ஒருத்தன் என் வாசலுக்கு வந்தது அடியில பேர் இருந்ததாலதான். நான் எதுக்கு அந்த ஒழுங்கைச் சொன்னேன்னு நினைச்ச? பாத்திரம் தொலையாம இருக்கவா?"

"யாரும்மா அந்த ஒருத்தன்?" என்றான் ஹோபர்ட்.

"உன் வேலையைப் பாரு ஹோபர்ட்."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லோரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது தெரிந்தது. அடுத்த கோடைவரை மையத்துக்குப் பணம் தரலாம் என்று கை தூக்கினார்கள். ஷெரீஃபின் ஆளும் தூக்கினார். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது. புது ஒழுங்கை எழுதித் தரச் சொல்லி ஹோபர்ட் என்னிடம் விட்டிருக்கிறான். பெயர் இருந்தால் மர ஆலைக்காரன் வரமாட்டான். பெயர் இல்லாவிட்டால் லோவல் இன்னும் இருக்கையில் பாத்திரத்தோடு சுற்றிக்கொண்டிருப்பான். ஒரே பொருள் எப்படி இரண்டு வேலையும் செய்கிறது? பள்ளியில் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால், உன் குடுவையைச் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லியிருப்பேன். இரண்டு வாரமாகத் தாள் வெள்ளையாக இருக்கிறது. விருப்பமுள்ளவர் பெயர் ஒட்டலாம் என்று எழுதினேன். அது ஒழுங்கே அல்ல என்று அடித்துவிட்டேன்.

லோவல் குணமாகிவிட்டான் என்று நினைத்துவிடாதே. போன வியாழன் மருந்தகத்துக்குக் கிளம்பவில்லை. ஒலீட்டா டிரெய்லர் வாசலில் காரை நிறுத்தி, ஓடை முழுக்கக் கேட்கும்படி ஹாரன் அடித்திருக்கிறாள், அவன் காலில் செருப்பில்லாமல் வந்து ஏறும்வரை. இந்த வாரம் அவனாகவே போய் நின்றான். அடுத்த வாரம் தெரியாது. மூக்கு மருந்து என் சட்டைப் பையில் இருக்கிறது. உறையைப் பிரித்துப் பழகிக்கொண்டேன்.

நான்காவது. நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு நீ வர வேண்டியதில்லை. மலைப்பாதையில் பனி உறைந்துவிடும். உனக்கு வேலை இருக்கும். பெட்ரோல் கடைக்காரியும் இருப்பாள். "அக்கா வர்றாளா?" என்று லோவல் கேட்டான். பாதை சரியில்லை என்றேன். "விட்டதுக்கு அப்புறம் வந்த முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினாள்னு அவகிட்ட கேக்கணும்" என்றான். கடிதத்தில் கேட்டு எழுதுகிறேன் என்றேன். "அது கடிதத்துல கேக்குற விஷயம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இப்படிக்கு,
அப்பா

உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதைச் சேர்க்கிறேன். நான்காவதாக எழுதியது தவறு, ட்ரீமா.